மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 42. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சம்பளம் 58,000 ரூபாய். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 40,000 ரூபாய். இருவருக்கும் ஓய்வூதியம் கிடையாது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வங்கி வைப்பில் 22 லட்சம் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் என் நாத்தனாரின் கணவர், மேடவாக்கம் பக்கம் ஒன்பது ஆண்டு பழைய ஃபிளாட் ஒன்று 58 லட்சத்துக்கு வருகிறது, 45 லட்சம் வீட்டுக்கடன் போட்டு உங்கள் பெயரில் வாங்கி வாடகைக்கு விடுங்கள் என்கிறார். மாதம் 18,000 வாடகை வரும், வாடகையே தவணையைக் கட்டிவிடும், வருமான வரியும் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. நாங்கள் குடியிருப்பது மாமியாரின் வீட்டில். அவருக்கு 72 வயது. மாமனார் இல்லை. 2008-இல் கட்டிய தரைத்தள வீடு அது. மாடி காலியாகத்தான் கிடக்கிறது, துணி காயப்போட மட்டும் போகிறோம். எங்கள் தெருவில் மாடி வீடுகள் 11,000 ரூபாய்க்குப் போகின்றன. வாடகை வருமானம் எங்கள் முதுமைக்குத் துணையாக இருக்கும் என்று நினைக்கிறேன். லீசுக்கு விட்டால் மொத்தமாகப் பணம் கிடைக்குமே, அதுவும் நல்லதா? எங்கிருந்து தொடங்குவது?

— திருச்சி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் துணி காயப்போடும் மாடியைப் பற்றிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் மையமாகத் தெரிந்தது. ஆனாலும் நீங்கள் கேட்டது சென்னை ஃபிளாட்டைப் பற்றி. அதன் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

விலை 58 லட்சம். இது மறுவிற்பனை என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரம். தரகு, வழக்கறிஞர் கட்டணம், வங்கிச் செலவு, குடிவைப்பதற்கு முன் வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுதுகள் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒன்றே முக்கால் லட்சம். உங்கள் கையைவிட்டுப் போகும் மொத்தம் 65 லட்சம். வங்கி தருவது 45 லட்சம். மீதி 20 லட்சத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆக, உங்கள் 22 லட்சத்தில் மிஞ்சுவது இரண்டு லட்சம். மகள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகிறாள்.

இப்போது வரவு. 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 37,640 ரூபாய். வாடகை 18,000. பாதிகூட இல்லை. ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு 11 மாத வாடகை 1,98,000. அதில் சொத்து வரி, குடிநீர் வரி, பழுதுச் செலவுக்கு 23,000 கழித்தால் 1,75,000 நிற்கும். 65 லட்சத்துக்கு இது 2.7 சதவீதம். தவணைக்கோ ஆண்டுக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் வேண்டும். பற்றாக்குறை மாதம் 23,000 ரூபாய். அது உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். கடன் முடியும்போது உங்களுக்கு 62 வயது.

"வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற சொல்லை நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. உங்கள் உறவினரும் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் தவணையையும் வாடகையையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்.

வரி மிச்சம் என்பதும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஆண்டுச் சம்பளம் 6,96,000 ரூபாய். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்கு, சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கும் நிலைக்கழிவையும் சேர்த்தால் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை. வரியே கட்டாதவருக்கு எந்த வரி மிச்சமாகும்? பழைய முறையில் இருப்பவர்களுக்கு, வாடகை வீட்டின் வட்டியால் வரும் நட்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. புதிய முறையில் அந்த வட்டியை வாடகை வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தில் சொல்லும் யோசனை இன்றைக்குச் செல்லாமல் போவது இப்படித்தான்.

"விலை ஏறுமே" என்று கேட்பீர்கள். ஏறுவது மண். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. ஃபிளாட்டில் உங்களுக்குச் சொந்தமான மண் என்பது பிரிபடாத பாகம் மட்டுமே, அதாவது மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய, தனியாகப் பிரித்துக் காட்டாத பங்கு. அது எத்தனை சதுர அடி என்று நீங்கள் எழுதவில்லை, உங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை என்று நினைக்கிறேன். விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது அதைத்தான். அந்தப் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல தெருக்கள் நீரில் நின்றன. அந்தக் குறிப்பிட்ட தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிரே உள்ள மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. என்னிடம் கணக்குப் பார்த்துக்கொள்ள வரும் ஓய்வுபெற்ற ஒருவர் திருச்சியில் இருந்துகொண்டு சென்னையில் ஃபிளாட் வாங்கினார். குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைப்பார். இவர் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுவார். போய்ச் சேர்ந்தால் குழாய்க்காரர் வரமாட்டார். குடியிருந்தவர் காலி செய்தபோது அடுத்தவரைப் பார்த்துக் குடிவைக்க மூன்று பயணம். நான்கு ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டார். வாடகை வீடு என்பது வைப்புநிதிப் பத்திரம்போலப் பெட்டியில் இருந்தபடி வட்டி தருவதில்லை. அது ஒரு சிறு தொழில். முதல் வீடு, நீங்கள் நடந்தோ வண்டியிலோ போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால்தான் மாடிக்கு வருகிறேன்.

800 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் கட்டினால் 19 லட்சத்து 20 ஆயிரம். வெளிப்படிக்கட்டு, தனித் தொட்டி, மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம் சேர்த்து 22 லட்சம் என்று கொள்வோம். 11 மாத வாடகை 1,21,000. வரிக்கும் பழுதுக்கும் 15,000 போக 1,06,000. முதலுக்கு 4.8 சதவீதம். மண்ணுக்கு நீங்கள் புதிதாகப் பணம் தரவில்லை என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். முழுவதையும் கைப்பணத்தில் கட்ட வேண்டாம். 12 லட்சம் சேமிப்பிலிருந்து, 10 லட்சம் வங்கிக் கடன். வீட்டை விரிவுபடுத்தவும் வீட்டுக்கடன் தருகிறார்கள். 8 சதவீதத்தில் பத்தாண்டுத் தவணை 12,130 ரூபாய். இங்கே வாடகை தவணையைக் கட்டிவிடும் என்ற சொல் ஏறக்குறைய உண்மையாகிறது. 52 வயதில் கடன் தீர்ந்துவிடும், மகளின் படிப்புக்குப் பத்து லட்சம் வங்கியில் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வங்கி வைப்பில் இதைவிட அதிக வட்டி கிடைக்கும். வரி வரம்புக்குள் இருக்கும் உங்களுக்கு அந்த வட்டி முழுதாகவும் கிடைக்கும். மாடி கட்டுவதற்கு நியாயம், வாடகை காலப்போக்கில் உயரும், வைப்புத்தொகையின் முதல் உயராது என்பதுதான். இருபது ஆண்டு கழித்து ஓய்வூதியமில்லாத இருவருக்கு அந்த உயர்வு தேவைப்படும். உடனடி லாபத்துக்காக என்றால் கட்ட வேண்டாம் என்பேன்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட, ஆனால் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். வீடு மாமியார் பெயரில். கட்டப்போவது உங்கள் சேமிப்பில். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், அவர் உயில் எழுதாமல் காலமானால் வீடு அவருடைய பிள்ளைகளுக்குச் சரிபங்காகப் போகும். உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி. மாடியும் அந்த வீட்டின் பகுதிதான். "மாடி நான் கட்டியது" என்று நீங்கள் சொல்வதற்குப் பத்திரத்தில் இடம் இருக்காது. மனத்தாங்கல் இல்லாமல் இருந்த அண்ணன் தங்கையர் இந்த ஒரு புள்ளியில் பேச்சை நிறுத்திக்கொண்டதை என் அலுவலக நாற்காலிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எவர் மீதும் தவறில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை, அவ்வளவுதான்.

எனவே செங்கல் வாங்குவதற்கு முன் பத்திரம். என் யோசனை, மாமியார் தம் மகனுக்குப் பிரிபடாத பாதி மனையையும் மாடியில் கட்டிக்கொள்ளும் உரிமையையும் மட்டும் செட்டில்மெண்ட் பத்திரமாக, அதாவது விலை வாங்காமல் இப்போதே சொத்தை எழுதித் தரும் பத்திரமாக, எழுதித் தரலாம். கீழ்வீடும் மீதிப் பாதியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். வீடு முழுவதையும் எழுதி வாங்க வேண்டாம். யாராவது அதுதான் சுலபம் என்று சொன்னாலும் வேண்டாம். செட்டில்மெண்ட் எழுதியபின் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. எழுதிக்கொடுத்துவிட்டு நிராதரவான பெற்றோருக்காகவே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் தனிப் பிரிவு வைக்க வேண்டி வந்தது. 72 வயதுப் பெண்மணி தம் தலைக்கு மேலிருக்கும் கூரையைத் தம் பெயரில் வைத்திருப்பதே முறை.

நாத்தனாரையும் அவர் கணவரையும் அழைத்து, இதை அவர்கள் முன்னிலையிலேயே பேசுங்கள். ஃபிளாட் யோசனை சொன்னவரிடம் அதை ஏற்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். வங்கியும் கடன் தருவதற்கு முன் மாமியாரின் கையொப்பத்தைக் கேட்கும். உங்கள் பணம் போகிறது என்பதற்காக, கணவர் பெயரோடு உங்கள் பெயரும் கடனில் இருக்கட்டும். சேமிப்பிலிருந்து தரும் 12 லட்சமும் வங்கிக் கணக்கு வழியாகவே ஒப்பந்ததாரருக்குப் போகட்டும். கணவர் தம் பங்கில் உங்களுக்கும் எழுதித் தருவாரா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்பேன்.

அடுத்தது கட்டடம். 2008-இல் கட்டும்போது, பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளைத் தளத்துக்கு மேலே நீட்டி விட்டிருப்பார்கள். பதினேழு பதினெட்டு ஆண்டு மழையில் நனைந்த கம்பிகள் அவை. அவற்றை நம்பி நேராகத் தூண் எழுப்பும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். உங்கள் வீடு தூண்களில் நிற்கிறதா, சுவர்களே சுமை தாங்குகின்றனவா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து எழுத்தில் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. கட்டடம் தாங்காது என்று அவர் சொன்னால் இந்தத் திட்டத்தை மறந்துவிட வேண்டும். நான் மேலே போட்ட கணக்குகளுக்கும் வேலையில்லை. அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு, விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்று தந்து அனுமதி பெறும் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் தளம் எடுக்க எந்த முறையில் விண்ணப்பிப்பது என்பதை மாநகராட்சியில் உரிமம் பெற்ற பொறியாளர் சொல்லிவிடுவார். கட்டி முடித்ததும் சொத்து வரியை மறுமதிப்பீடு செய்யச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள்.

குடிவைப்பதைப் பற்றி. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். 20 ரூபாய்த் தாளில் 11 மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைக்கும் பழைய வழக்கம் போதாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதற்கு மேல் கேட்காதீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் நம் நகரங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் புரட்ட முடியாமல் நல்ல குடும்பங்கள் திரும்பிப் போகின்றன. வாங்கிய 33,000 ரூபாயைத் தனி வைப்பில் போட்டு வையுங்கள். அது உங்கள் பணம் அல்ல. காலி செய்யும் நாளில், அடுத்தவர் வந்து அட்வான்ஸ் தரும்வரை பழையவரைக் காக்கவைக்கும் வீட்டுக்காரராக நீங்கள் இருக்கக் கூடாது.

லீசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஐந்தாறு லட்சம் மொத்தமாக வாங்கி மாத வாடகை இல்லாமல் விடுவது, மூன்று ஆண்டு கழித்து அதே தொகையைத் திருப்பித் தர வேண்டிய கடன்தான். அதைச் சிமெண்டில் போட்டுவிட்டால் எங்கிருந்து எடுத்துத் தருவீர்கள்? வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கிக்குத் தெரியாமல் லீசுக்கு விடுவது இரண்டு பக்கமும் வம்பு.

மாடிக்குத் தனி மீட்டர் வாங்குங்கள். கீழ்வீட்டு இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, உப மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவது குடியிருப்பவருக்குத்தான் போய்ச்சேர வேண்டும். தனி மீட்டர் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் மோட்டாரும் அப்படியே. மாடித் தொட்டி தனி, மோட்டார் தனி. வீட்டுக்காரர் கீழேயும் குடியிருப்பவர் மேலேயும் இருக்கும் வீடுகளில் சண்டைகளில் பாதி தண்ணீரால் வருகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

யாருக்கு விடுவது என்பதில் ஒன்று மட்டும். வேலை என்ன, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இந்த மூன்றையும் விசாரியுங்கள். சாதி, மதம், என்ன சமைப்பார்கள் என்று விசாரிக்காதீர்கள். நேரத்துக்கு வாடகை தருவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தனியாகக் குழந்தையை வளர்க்கும் பெண்கள் வீடு தேடி எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள் என்பது கல்லூரியில் வேலை செய்யும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலையை எப்போது முடிப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். ஆனி முடிவில் பூச்சு வேலை முடிந்தால் ஒரு மாதம் காலியாகத்தான் கிடக்கும். பள்ளித் தேர்வுகள் முடிந்து சித்திரை, வைகாசியில் வீடு தயாராக இருந்தால் பலகை தொங்கவிட்ட வாரத்திலேயே கேட்டு வருவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போய் அந்தக் கம்பிகளைப் பாருங்கள். பிறகு மாமியாரிடம் தாய்ப்பத்திரத்தையும் 2008-ஆம் ஆண்டு அனுமதி வரைபடத்தையும் கேட்டு வாங்கி, மனை அளவும் வரைபடத்தில் எத்தனை தளத்துக்கு அனுமதி என்பதும் என்னவென்று எழுதுங்கள். பொறியாளரின் அறிக்கையும் சேர்ந்து வந்தால், கடன் தொகையை இன்னும் குறைக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.